‘ஓ.கே.’ – ஒரு சொல்லின் வரலாறும் உடன்பாட்டின் பொருளும்

ஆங்கிலப் பள்ளியின் வாசலை மிதித்திராத மூதாட்டியரும் இன்று தடையின்றிச் சொல்லும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது ‘ஓ.கே.’ என்பது. வளைகுடா நாட்டிலிருந்து தொலைபேசியில் பேசும் மகனுக்கு, “ஓ.கே. வாப்பா, உடம்பைப் பார்த்துக்கொள்” என்று தாய் விடை கொடுக்கிறார். விலை பேசி முடிந்ததும் வணிகர் ‘ஓ.கே.’ என்கிறார். அரபு நாட்டு அங்காடிகளிலும் ‘நஅம்’, ‘தய்யிப்’ என்னும் அரபுச் சொற்களுக்கு நடுவே இதுவும் கலந்து ஒலிக்கிறது. 1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் மனிதன் ஏறிச் சென்ற கலம் சந்திரனின் தரையைத் தொட்டபோது, அங்கிருந்து எழுந்த முதற் பேச்சிலேயே விண்வெளி வீரர் ஆல்டிரினின் வாயிலிருந்து இச்சொல் வந்தது.

இரண்டே எழுத்துக்களால் ஆன இச்சொல் எங்கே பிறந்தது? இதன் பொருள்தான் என்ன? நாம் ஒருவருக்கொருவர் கொடுக்கும் உடன்பாட்டை முழுமையாகச் சுமக்கும் வலிமை இதற்கு உண்டா? இம்மூன்று வினாக்களையும் சற்றே ஆராய்வது பயன் தரும் என்று கருதுகிறோம். சொல்லாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. ஒரு சொல்லை ஆராயப் புகுந்தால், அதைச் சொல்லும் மனிதனின் உள்ளத்தையும் சேர்த்தே ஆராய வேண்டியதாகிறது.

அரபுக் கல்லூரியில் நாம் பாடம் நடத்தியபோது மாணாக்கர் ஒருவர், “ஹஜ்ரத், ஓ.கே. என்பது அரபியிலிருந்து போன சொல் என்கிறார்களே, உண்மையா?” என்று வினவினார். அவர் ஆசையில் தவறில்லை. ஆங்கிலத்தின் ‘அல்ஜீப்ரா’ அரபியின் ‘அல்ஜப்ர்’. அவர்களுடைய ‘காட்டன்’ நம்முடைய ‘குத்ன்’. ‘அட்மிரல்’ என்னும் கடற்படைத் தலைவர் ‘அமீர்’ என்னும் சொல்லின் வழித்தோன்றல். தமிழிலும் வக்கீல், வசூல், பாக்கி என அரபியின் பிள்ளைகள் பலர் குடியிருக்கின்றனர். ஆயினும் இத்தனை சொற்கள் அரபியிலிருந்து சென்றன என்பதற்காக, வேர் விளங்காத ஒவ்வொரு சொல்லையும் அரபியின் கணக்கில் எழுதிவிடுவது அறிவுக்கு அழகாகாது. உண்மையான பெருமை ஏராளமாக இருக்கும்போது கடன் வாங்கிய பெருமை நமக்கு எதற்கு?

இச்சொல்லுக்குத் தந்தையுரிமை கோரி வந்தவர்கள் பலர். ‘எல்லாம் நன்று’ எனப் பொருள்படும் ‘ஓலா கலா’ என்னும் தம் தொடரே இது என்றனர் கிரேக்கர். ஸ்காட்லாந்தினர் தம்முடைய ‘ஓக் ஐ’ என்பதைக் காட்டினர். ஹைத்தித் தீவின் ‘ஓ காய்’ என்னும் துறைமுகத்தின் பெயரே இப்படி ஆயிற்று என்று பிரெஞ்சு மொழி சார்ந்த ஒரு கதை உண்டு. அமெரிக்கப் பழங்குடியினரான சாக்டா மக்களின் மொழியில் ‘அப்படியே’ என்னும் கருத்தில் ‘ஓகே’ போன்றதொரு சொல் வழங்கியது. அதுவே மூலம் என்று நம்பிய அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன், தாம் எழுதும்போது அம்மக்களின் உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துக்களையே கையாண்டார். போர்க்களத்திலிருந்து ‘இறந்தவர் எவருமில்லை’ என்று எழுதிய குறிப்பின் சுருக்கமே இது என்பாரும் உளர். 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரோடு இக்கதையை இணைக்கின்றனர். ஆனால், அப்போருக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இச்சொல் அச்சில் ஏறிவிட்டது என்பதால் இக்கதை நிற்கவில்லை.

இவற்றுள் முஸ்லிம்களாகிய நம் நெஞ்சைத் தொடும் கருத்து ஒன்றும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் வாழும் உலோஃப் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்கள் மொழியில் ‘வாவ்’ என்றால் ‘ஆம்’; அதனோடு ‘கே’ என்னும் இடைச்சொல்லைச் சேர்த்து ‘வாவ் கே’ என்றால் ‘ஆம், உறுதியாக’ என்பது பொருள். அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர் வழியாக இதுவே ‘ஓ.கே.’ ஆயிற்று என்று டேவிட் டால்பி என்னும் மொழியறிஞர் கருதினார்.

அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்களுள் முஸ்லிம்கள் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. செனகல் பகுதியின் ஃபூத்தா தோரோவில் கல்வி கற்ற உமர் இப்னு ஸஈத் என்னும் பெரியார் 1807-இல் கடல் கடத்தப்பட்டு, பின்னர் வட கரோலினாவில் அடிமையாக வாழ்ந்தார். அவர் 1831-இல் தம் வாழ்க்கை வரலாற்றை அரபியிலேயே எழுதினார். திருமறையின் ‘அல்முல்க்’ அத்தியாயத்தோடு அது தொடங்குகிறது. ஆட்சி அனைத்தும் எவன் கையில் இருக்கிறது என்பதை, தம் உடலுக்கே உரிமை இல்லாதிருந்த ஒருவர் எழுதிய முதல் வரிகளாகப் படிக்கும்போது கண்கள் பனிக்கின்றன. அவ்வேடு இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்படுகிறது. இத்தகைய மக்களின் நாவிலிருந்து ஒரு சொல் உலகெங்கும் பரவியது என்றால் மகிழாதவர் யார்? ஆனால் மகிழ்ச்சி வேறு, சான்று வேறு.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எவ்வளவு அழகிய செய்தியானாலும், ‘யார் சொன்னார், யாரிடம் கேட்டார், எப்போது கேட்டார்’ என்று தொடரை வினவிய பிறகே ஏற்க வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த நெறி. அத்தொடருக்கு ‘ஸனது’ என்று பெயர். அது இல்லையெனில் விரும்பியவர் விரும்பியதையெல்லாம் சொல்லிவிடுவர் என்று இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ‘ஓ.கே.’யின் பிறப்பை ஆராய்ந்த அறிஞர் ஒருவரும் ஏறக்குறைய இவ்வழியிலேயே நடந்தார் என்பது வியப்புக்குரியது. அவர் கொலம்பியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் ரீட். கேட்பதற்கு இனிய கதைகளை அவர் ஒதுக்கினார். தேதியிட்ட பழைய செய்தித்தாள்களை வரிவரியாகப் புரட்டினார். தாம் கண்டறிந்தவற்றை 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். இன்று அறிஞர்கள் பெரிதும் ஏற்பது அவருடைய முடிபையே.

அவர் கண்டது இதுதான். 1839-ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 23-ஆம் நாள், பாஸ்டன் நகரத்தின் ‘மார்னிங் போஸ்ட்’ நாளேட்டில், அதன் ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன், பக்கத்து நகரமான பிராவிடன்ஸின் ஏட்டைக் கேலி செய்து ஒரு குறிப்பு வெளியிட்டார். அதனுள் ‘ஓ.கே.’ என்று அச்சிட்டு, அருகிலேயே ‘எல்லாம் சரி’ என்று ஆங்கிலத்தில் பொருளும் தந்திருந்தார்.

‘எல்லாம் சரி’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஆல் கரெக்ட்’ என்பர். அவ்விரு சொற்களையும் முறையாக எழுதினால் முதலெழுத்துக்கள் ‘ஏ’, ‘சி’ என்று அமையும். ‘ஓ’வும் ‘கே’யும் எங்கிருந்து வந்தன? எழுத்தறியாதவன் காதால் கேட்டபடி எழுதினால் எப்படி எழுதுவானோ, அப்படி வேண்டுமென்றே பிழையாக எழுதி, அப்பிழையின் முதலெழுத்துக்களை மட்டும் சுருக்கமாகப் போட்டு நகைப்பது அந்நாளைய பாஸ்டன் பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. நம் ஊரில் ஒருவர் ‘வாழைப்பழம்’ என்பதை ‘வாளப்பளம்’ என்று வேடிக்கைக்காக எழுதி, பிறகு அதனையும் ‘வா.ப.’ என்று சுருக்குவதைப் போன்றது இது. ‘ஆல் ரைட்’ என்பதைப் பிழைபட எழுதி ‘ஓ.டபிள்யூ.’ என்றும் சுருக்கினார்கள். இவ்வாறு பிறந்தவை பல. ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலானவை மறைந்தன. ‘ஓ.கே.’ மட்டும் பிழைத்தது.

அது பிழைத்ததற்கும் காரணம் உண்டு. 1840-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் வந்தது. அப்போது பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரன் மீண்டும் போட்டியிட்டார். அவர் நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹுக் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ஆகவே ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்டு கிண்டர்ஹுக்’, அதாவது ‘கிண்டர்ஹுக் பெரியவர்’ என்று அன்போடு அழைத்தனர். அதன் முதலெழுத்துக்களும் ஓ, கே என்றே அமைந்தன. நியூயார்க்கில் ‘ஓ.கே.’ என்ற பெயரிலேயே மன்றம் ஒன்று தோன்றிற்று. ‘எங்கள் பெரியவர் வந்தால் எல்லாம் சரி’ என்பது அவர்கள் முழக்கம்.

எதிர்க்கட்சியினர் வாளாவிருப்பார்களா? 1837-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடி அப்போது மக்களை வாட்டிக்கொண்டிருந்தது. ஆகவே, ‘ஓ.கே. என்றால் கையில் காசில்லை’ என்று பொருள் வருமாறு அவ்விரு எழுத்துக்களுக்கு அவர்கள் வேறு விரிவு கூறினர். வான் பியூரனுக்கு முன்பு ஆட்சி செய்த ஆண்ட்ரூ ஜாக்சன் எழுத்தறிவு குறைந்தவர் என்றும், அரசாங்கத் தாள்களில் பிழையோடு ‘ஓ.கே.’ என எழுதி ஒப்புதல் அளித்தவர் அவரே என்றும் ஒரு கதை கட்டினர். அக்கதையை இன்றும் உண்மையென்று நம்புவோர் உளர். வான் பியூரன் தேர்தலில் தோற்றார்; சொல் வென்றது. அதற்குச் சில ஆண்டுகளில், 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸின் தந்தி ஓடத் தொடங்கிற்று. ‘செய்தி சரியாகக் கிடைத்தது’ என்று விரைவாகத் தெரிவிக்க இரண்டெழுத்துச் சொல்லைவிட வசதியானது வேறென்ன? தந்தியாளரிடமிருந்து இருப்புப்பாதை நிலையத்துக்கும், அங்கிருந்து வணிகரின் சரக்குச் சீட்டுக்கும், பின்னர் அலுவலகக் கோப்புகளுக்கும் இச்சொல் பரவியது. வேடிக்கையாகப் பிறந்த எழுத்துக்கள் ஒப்புதல் முத்திரையாகிவிட்டன.

நம் காலத்துக் கணிப்பொறித் திரையில் இச்சொல் ஏறியதற்கும் ஒரு கதை உண்டு. 1983-இல் விற்பனைக்கு வந்த ‘லிசா’ என்னும் கணிப்பொறியை அமைத்தவர்கள், கட்டளையை உறுதி செய்யும் பொத்தானில் ‘செய்’ என்னும் பொருளுடைய இரு சிறு ஆங்கிலச் சொற்களை முதலில் எழுதிவைத்தனர். சோதித்துப் பார்க்க வந்த ஒருவர், அவ்விரண்டையும் சேர்த்துப் படித்து, ‘மடையன்’ எனப் பொருள்படும் வேறொரு சொல்லாக எண்ணி மனம் நொந்தாராம். அதன் பிறகே அவ்விடத்தில் ‘ஓ.கே.’ வந்தது. இன்று நூறு பக்க ஒப்பந்தத்தில் ஒரு வரியையும் படியாமல், அந்த இரண்டெழுத்தைத் தொட்டு நம் சம்மதத்தைத் தந்துவிடுகிறோம்.

இனி, பொருளுக்கு வருவோம். ‘ஓ.கே.’யை அகராதிகள் ஒப்புதலைக் குறிக்கும் சொல் என்கின்றன. ஆனால் அச்சொல்லை உற்று நோக்கினால், அது ஒப்புகிறதே அன்றிப் பாராட்டுவதில்லை என்பது விளங்கும். ‘சாப்பாடு எப்படி?’ என்று கேட்டால், ‘ஓ.கே.’ என்பவர் உணவைப் புகழவில்லை; குறை சொல்லவும் இல்லை. கீழே விழுந்தவரை விசாரித்தால், ‘ஓ.கே.’ என்கிறார்; எலும்பு முறியவில்லை என்பதே அதன் கருத்து. ஆங்கிலம் பேசுவோர்க்கு இந்த நடுநிலைதான் இச்சொல்லின் வசதி. விருப்பத்தையோ வெறுப்பையோ வெளிப்படுத்தாமல் ஒன்றை ஏற்றுக்கொள்ள இது உதவுகிறது.

தமிழின் சொற்களை இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘ஆம்’ என்பது ‘ஆகும்’ என்பதன் குறுக்கம். ஒரு செய்தியை உண்மையென்று நாட்டுவது. ‘சரி’ என்பது பிழையின்மையைக் காட்டுவது; ‘ஓ.கே.’யின் மூலமான ‘எல்லாம் சரி’க்கு மிக நெருங்கியது. அதனாலேதான் நம் நாவில் ‘சரி’ இருந்த இடத்தில் ‘ஓ.கே.’ எளிதில் வந்து அமர்ந்துகொண்டது போலும். ஆனால் ‘இசைவு’, ‘உடன்பாடு’ என்னும் சொற்கள் வேறு வகையின. இசைவில் இரண்டு சுருதிகள் ஒன்றுகின்றன. உடன்பாட்டில் ‘உடன்’ நிற்பதற்கு இன்னொருவர் தேவை. ஒருவர் கேட்டு, மற்றவர் உள்ளம் கலந்து, இருவரும் ஓரிடத்தில் வந்து நிற்பதை அவை குறிக்கின்றன.

விடை சொல்லும் முறையையே நன்னூலார் எட்டாக வகுத்திருக்கிறார். நேராக உடன்படுவது ஒன்று, மறுப்பது ஒன்று. இவையன்றி, வினாவுக்கு வினாவையே விடையாக்குவதும், தனக்கு உற்றதைச் சொல்வதும், இனி உறப்போவதைச் சொல்வதும், வேறொன்றைக் கூறிக் குறிப்பால் உணர்த்துவதும் விடைகளே என்கிறார் பவணந்தி முனிவர். ‘இதைச் செய்வாயா?’ என்றதற்கு, ‘கை வலிக்குமே’ என்று ஒருவன் சொன்னால், ‘செய்யமாட்டேன்’ என்ற சொல் அதில் இல்லை. ஆனால் விடை அதுதான். கேட்பவருக்குச் செவி மட்டும் போதாது, குறிப்பை உணரும் மனமும் வேண்டும் என்பதே இந்த இலக்கணம் கற்பிக்கும் பாடம்.

அரபு இலக்கணம் இதில் இன்னும் நுட்பம் காட்டுகிறது. விடைச் சொற்களாகிய நஅம், பலா, அஜல் போன்றவற்றை இமாம் இப்னு ஹிஷாம் (ரஹ்) தம் ‘முஃனில் லபீப்’ நூலில் தனித்தனியே ஆராய்கிறார். ‘நஅம்’ என்பது முன் சொன்னதை அப்படியே உறுதிப்படுத்தும். முன் சொன்னது எதிர்மறையானால் அந்த எதிர்மறையையே உறுதிப்படுத்தும். ‘பலா’வோ எதிர்மறையை உடைத்து உண்மையை நிறுத்தும். ‘நீ வரவில்லையா?’ என்று தமிழில் கேட்டு, ‘ஆம்’ என்று ஒருவர் விடையிறுத்தால், வருகிறாரா, வரவில்லையா என்று நாம் தயங்குவதில்லையா? அத்தயக்கத்துக்கு இடமளிக்காமல் அரபி இரு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

திருமறையின் ‘அல்அஃராஃப்’ அத்தியாயத்தில் 172-ஆம் வசனம், ஆதமுடைய மக்களின் வழித்தோன்றல்களிடம், ‘நான் உங்கள் இறைவன் அல்லனா?’ என்ற கருத்தில் இறைவன் வினவியதையும், அவர்கள் ‘பலா’ என்று விடை தந்ததையும் கூறுகிறது. அங்கே அவர்கள் ‘நஅம்’ என்று சொல்லியிருந்தால், இறைவனை மறுத்ததாக ஆகியிருக்கும் என்று இப்னு அப்பாஸ் (ரளி) அவர்கள் விளக்கியதாக இலக்கண அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர். மனித குலத்தின் முதல் உடன்பாடே ஒரு சொல்லைத் தேர்ந்து சொன்ன உடன்பாடு. அவ்விடத்தில் ‘ஓ.கே.’ போன்றதொரு சொல்லை வைத்துப் பார்த்தால், எதற்கு உடன்பட்டார்கள் என்பதே தெளிவாகாது.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. ஷரீஅத்தில் ‘கபூல்’ வேறு, ‘ரிளா’ வேறு. கபூல் என்பது ஏற்றுக்கொள்ளும் சொல். ரிளா என்பது உள்ளத்தின் திருப்தி. ஒருவருக்கொருவர் திருப்தியோடு செய்துகொள்ளும் வணிகமே ஆகுமானது என்று ‘அந்நிஸா’ அத்தியாயத்தின் 29-ஆம் வசனம் அறிவுறுத்துகிறது. ஆனால் உள்ளத்தை மனிதன் திறந்து பார்க்க இயலாது. அதனால்தான் சட்ட அறிஞர்கள், உள்ளே இருக்கும் ரிளாவுக்கு வெளியே ஓர் அடையாளமாக ஈஜாப், கபூல் என்னும் இரு சொற்களை நிறுத்தினார்கள். சொல் அடையாளம், திருப்தியே பொருள். பொருள் இல்லாத இடத்தில் அடையாளம் மட்டும் நிற்பது, சரக்கில்லாத கடைக்குப் பெயர்ப்பலகை நிற்பது போன்றதாகும்.

‘ரிளா’ என்னும் வேரோடு தமிழருக்கும் உறவுண்டு. நபித்தோழர்களின் பெயரை அடுத்து நாம் ‘ரளியல்லாஹு அன்ஹு’ என்று சொல்லும்போது, அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக என்று வேண்டுகிறோம். அதே வேரினின்று பாரசீகம், உருது வழியாக வந்ததே வழக்காடுவோர் செய்துகொள்ளும் ‘ராஜி’. ‘ராஜினாமா’ என்பதற்கும் மூலப்பொருள் இசைவுப் பத்திரம் என்பதே. இன்று அது பதவி விலகலைக் குறிக்கிறது. மனம் பொருந்திச் சேர்வதைச் சொன்ன சொல் கடைசியில் விட்டு விலகுவதைக் குறிக்க வந்தது சொற்களின் விளையாட்டுத்தான்.

இவ்வளவும் எதற்குச் சொல்லுகிறோம் என்றால், கபூலையும் ரிளாவையும் ஒன்றென்று எண்ணுவதால் நேரும் கேடு மற்ற எவ்விடத்தையும்விட நம் வீடுகளில்தான் பெரிது. மகளுக்கு ஓரிடம் வருகிறது. பெரியவர்கள் பேசி முடித்துவிடுகிறார்கள். பிறகு வாசற்படியில் நின்றபடியே, “என்னம்மா, ஓ.கே.தானே?” என்று தந்தை கேட்கிறார். “இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருக்கிறதே, வாப்பா” என்கிறாள் மகள். நன்னூலின்படி அது ஒரு விடை. தனக்குள்ள நிலையைச் சொல்லிக் குறிப்பால் மறுக்கும் விடை. ஆனால் வீட்டார் செவியில் அது விழுவதில்லை. “அதெல்லாம் பிறகு பார்க்கலாம், ஓ.கே.யா?” என்று மறுபடியும் கேட்கிறார்கள். இம்முறை அவள் தலை குனிந்து, “ஓ.கே.” என்கிறாள். அந்த இரண்டெழுத்தை எடுத்துக்கொண்டு போய், பெண் சம்மதித்துவிட்டாள் என்று சபையில் சொல்லிவிடுகிறார்கள்.

கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்று நபிமொழி இருக்கிறதே என்று சிலர் கூறுவர். உண்மைதான். ஆனால் அந்நபிமொழியின் தொடக்கத்தை மறந்துவிடலாகாது. அவளிடம் அனுமதி கேட்கப்பட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கன்னிப் பெண் வெட்கப்படுவாளே என்று ஆயிஷா (ரளி) அவர்கள் கேட்ட பின்னரே, அவளுடைய மௌனம் அவளுடைய ரிளா என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். கேட்கப்பட்டவளின் மௌனத்துக்குத்தான் அந்தச் சட்டம். கேட்கப்படாதவளின் மௌனத்துக்கு அன்று. ஹனஃபீ சட்ட நூலாகிய ‘ஹிதாயா’ இதனை மேலும் நுணுகி, செய்தியைக் கேட்ட பெண் ஏளனமாகச் சிரித்தால் அச்சிரிப்பு சம்மதமாகாது என்கிறது. சிரிப்பின் வகையைக்கூட ஆராய்ந்த சட்ட அறிஞர்கள் எங்கே! தொலைபேசியில் வந்த ‘ஓ.கே.’ ஒன்றை வைத்துத் தேதி குறிக்கும் நாம் எங்கே! வலீயின் அதிகாரம் குறித்து மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடுகள் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் தந்தைக்குள்ள இடம் பெரிது. ஆயினும் மகளைக் கலந்து கேட்பது விரும்பத்தக்கது என்பதில் அவர்களும் மாறுபடவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அவையில் நிகழ்ந்த இரண்டு செய்திகளை நம் குடும்பங்கள் மறவாமல் நினைக்க வேண்டும். கன்ஸா பின்த் கிதாம் (ரளி) என்னும் அம்மையாரை அவருடைய தந்தையார், அவர் விரும்பாத ஒருவருக்கு மணமுடித்து வைத்தார். அவர் நபிகளாரிடம் வந்து முறையிட, அந்த மணம் செல்லாததாக்கப்பட்டது. இது புகாரீயில் உள்ளது. நஸாயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இடம்பெற்ற மற்றொரு செய்தி இன்னும் வியப்பானது. ஓர் இளம்பெண்ணை அவளுடைய தந்தை தம் மதிப்பை உயர்த்திக்கொள்ளும் பொருட்டு உடன்பிறந்தார் மகனுக்கு மணம் செய்துவைத்துவிட்டார். அவள் வந்து முறையிட்டாள். முடிவு செய்யும் உரிமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவளிடமே கொடுத்தார்கள். உரிமை கைக்கு வந்ததும் அவள், தந்தை செய்ததை ஏற்றுக்கொள்வதாகவும், இவ்விஷயத்தில் தந்தையர்க்கு அதிகாரம் இல்லை என்பதைப் பெண்கள் அறிய வேண்டும் என்றே வந்ததாகவும் தெரிவித்தாள்.

இவ்விரண்டாவது செய்தியை எண்ணிப் பாருங்கள். மணமகன் மாறவில்லை, மணமும் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று. முன்பு அவள்மீது சுமத்தப்பட்டது, இப்போது அவளால் ஏற்கப்பட்டது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கபூலுக்கும் ரிளாவுக்கும் உள்ள தொலைவு அவ்வளவுதான். ஆனால் ஒரு பெண்ணின் முழு வாழ்வும் அந்தத் தொலைவுக்குள் அடங்கியிருக்கிறது.

‘ஓ.கே.’ என்னும் சொல்லை வீட்டை விட்டு விரட்ட வேண்டும் என்பது நம் கருத்தன்று. மொழிகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று கொள்வது இயல்பு. நம் தமிழிலிருந்து அரபுச் சொற்களை விலக்கினால், வக்கீலும் இல்லை, வசூலும் இல்லை. வேடிக்கையாகப் பிறந்தது என்பதற்காக அச்சொல்லை இழிவாக எண்ணவும் வேண்டியதில்லை. ஒரு சொல்லின் மதிப்பு அதன் பிறப்பில் இல்லை. அதைச் சொல்லுகிறவர் அதற்கு எவ்வளவு பிணை நிற்கிறார் என்பதில்தான் இருக்கிறது. பாஸ்டன் பத்திரிகைக்காரரின் நகைப்பு, தந்தியாளரின் பொறுப்பான கைகளுக்குப் போனபோது நம்பத்தக்க ஒப்புதலாயிற்று. நம்முடைய ‘இன்ஷா அல்லாஹ்’ இறைநாட்டத்தின் மீதுள்ள உறுதியைக் காட்டும் திருவாக்கு. ஆனால் தட்டிக்கழிக்க நினைப்பவரின் நாவில் அகப்பட்டால் அதுவும் வெற்றொலியாகிவிடுகிறதே!

தேநீர் வேண்டுமா, பேருந்து ஏழு மணிக்கா என்னும் வினாக்களுக்கு ‘ஓ.கே.’ தாராளமாகப் போதும். ஒரு மனிதரின் வாழ்வு, மானம், பொருள், கல்வி ஆகியவை பற்றிய வினாக்களுக்கு அது போதாது. அங்கே கேட்பவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். விடை சொல்லுபவருக்கு ‘இல்லை’ என்று சொல்லவும் இடமிருக்க வேண்டும். ‘இல்லை’ என்று சொல்ல இயலாத ஒருவரின் ‘ஆம்’ உடன்பாடு ஆகாது. பெற்றோரே, உங்கள் மக்களிடம், ‘ஓ.கே.தானே?’ என்று கேளாதீர்கள்; ‘உனக்குப் பொருத்தமா?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லாமல் சொல்லும் விடைக்கும் செவி கொடுங்கள். அடியார்களை அல்லாஹ் பொருந்திக்கொள்வதும், அவர்கள் அவனைப் பொருந்திக்கொள்வதும் திருமறையில் அருகருகே கூறப்பட்டுள்ளன. படைத்தவனே தன் அடிமையின் ரிளாவைத் தன் ரிளாவோடு சேர்த்துச் சொல்லியிருக்க, நாம் நம் மக்களின் ரிளாவைக் கேட்பதில் என்ன தாழ்வு இருக்கிறது? உள்ளமும் நாவும் ஒன்றிய உடன்பாட்டை நம் இல்லங்களுக்கு அல்லாஹ் அருள்வானாக!